செல்வி அக்காவின் கொழுந்துப் பை

இன்று எனக்கு லீவு. தெரணியகலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை ஒரு நன்கொடை நிதியத்தில் வேலை செய்கிறாளாம். மாகாணம் முழுக்க, ஊர்க்காரர்கள் தாங்களே செய்துகொள்ளும் உதவிகளைத் தேடிப் பிடித்துக் கைகொடுப்பார்களாம்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள் என்றதும், "உங்க தோட்டத்துல அப்படி ஏதும் செய்றீங்களாக்கா?" என்று கேட்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "செய்யாமலா? எங்க செல்வி அக்காவுக்கு ஆபரேஷனுக்குப் பொறகு முன்ன மாதிரி கொழுந்து எடுக்க முடியல. நிறை கொறைஞ்சா அரைப் பேர்தான் போடுவாங்க, பாதிச் சம்பளம். அதனால நாங்க ஆளாளுக்கு எங்க கொழுந்துல கொஞ்சம் அள்ளி அவங்க பையில போட்டுருவோம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதத்தாங்க்கா நாங்க தேடுறோம்! பேஸ்புக்ல போடட்டுமா?"

"தாராளமா போடு" என்றேன். தோட்டத்தின் பெயரையும் சொல்லிக் கொடுத்தேன்.

மத்தியானம் பார்த்தேன். அழகாகத்தான் எழுதியிருக்கிறாள். செல்வி அக்காவின் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது.

முதல் ஆளாக லைக் போட்டிருப்பவர் எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை.

அழிக்கச் சொல்லி மெசேஜ் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பதில் இல்லை.

நாளைக்குக் கொழுந்து நிறுக்கும்போது துரையே தராசுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாரா? துரைமாரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.