நீர்யானைத் தொட்டியும் மாமன் மகனும்

அருப்புக்கோட்டையில் சர்க்கஸ் வந்து கூடாரம் போட்டபோது நான் பி.யு.சி.யில் தோற்று வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் திருச்சுழி பக்கம். மழை தவறி, மானாவாரிக் காடு முழுக்க வெடித்துக் கிடந்த காலம் அது. மிருகங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு முன்னால் என் மாமன் மகன் நின்றுகொண்டிருந்தான். பாளையம்பட்டியில் மாமாவுக்கு நல்ல பலசரக்குக் கடை. அதில் காலாட்டிக்கொண்டு உட்கார வேண்டியவனுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு அப்போதே வயிறு எரிந்தது.

மிருகங்களுக்குப் பொறுப்பானவர் மலையாளக்காரர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அப்ரண்டிஸா நில்லுங்க. சம்பளம் இல்ல, சோறு உண்டு. டெண்ட் பிரிக்கும்போது ஒருத்தனை எடுப்பேன். ஒருத்தனைத்தான்."

அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. அவனுக்கு இது இல்லையென்றால் கடை. எனக்கு இது இல்லையென்றால் ஒன்றுமில்லை. புலிக்கூண்டைக் கழுவினேன், ஒட்டகத்துக்கு உண்ணி பிடுங்கினேன். வீட்டில் என் துணியைத் தனியாகத் துவைத்தார்கள். அந்த நாற்றம்கூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நீர்யானைதான் என் வாழ்வைக் கெடுத்தது. அவன் போய், "ஆத்தா, வாயத் தொற" என்றால் அது திறக்கும். பூசணிக்காயை முழுசாகப் போடுவான், நொறுக்கி விழுங்கும். நான் அதே பூசணிக்காயோடு போய் நின்றால் மூக்கு வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கிக்கொள்ளும். ஆத்தா என்று நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். கூடாரத்துப் பெண்கள் சிரித்ததுதான் மிச்சம். ஒரு மிருகம் மதிக்கவில்லை என்பதற்காகச் சோறு இறங்காமல் இருந்தவன் இந்தச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதோடு அவன் தண்ணீரைப் புழங்கிய விதம் இருக்கிறதே, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆறவில்லை. காலையில் தொட்டி மடையைத் திறந்துவிட்டு அத்தனை தண்ணீரையும் வெளியேற்றுவான். தூரத்துப் பம்புசெட்டிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வந்து, தொட்டி நிறைய மத்தியானம் ஆகிவிடும். வெளியேறிய தண்ணீர் பாய்ந்து பக்கத்து நிலத்துக்காரனின் மிளகாய்ச் செடி பச்சென்று நின்றது. எனக்கு அந்த மிளகாய்ச் செடியின் மேலும் பொறாமை.

"எங்க ஊருப் பொம்பளைக ஒரு கொடம் தண்ணிக்கு ஊத்துல காத்துக் கெடக்குறாக. நீ வண்டி வண்டியாக் கொட்டுறியே மாப்ளே" என்றேன்.

"அது தண்ணிக்குள்ளதானே சாணி போடுது மச்சான். அதுக்குள்ளயே எப்படிக் கெடக்கும்?"

"எரும கண்மாயில கெடக்கலையா?"

"எரும வெயிலு தாழ வீட்டுக்கு வந்துருமே. இதுக்கு அதுதானே வீடு" என்று சொல்லிவிட்டு மடையைத் திறந்தான்.

பங்குனியில் அவன் ஊரில் அம்மன் கோயில் பொங்கல் வந்தது. அவன் வீட்டில் முளைப்பாரி உண்டு, போகாமல் இருக்க முடியாது. அவன் பஸ் ஏறியதும் எனக்குள் ஒரு குதூகலம். தொட்டி இப்போது என் பொறுப்பு. நான் மடையைத் தொடவே இல்லை. வற்றியதற்கு ஈடாகக் கொஞ்சம் மட்டும் ஊற்றினேன். எருமையைக் குளிப்பாட்டுவது போல அதன் முதுகில் வாளியால் வீசி, வைக்கோலால் தேய்த்துவிட்டேன். வண்டிக்காரர்கள் வேலையில்லாமல் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, இவருக்குத் தண்ணியோட அருமை தெரியுது" என்றார். அன்றைக்கு நான் கூடாரத்தோடு மதுரை, திருச்சி என்று மனதுக்குள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

எட்டு நாள் கழித்து மாமன் மகன் திரும்பி வந்து கூப்பிட்டபோது அது வாயைத் திறக்கவில்லை. கண் ஓரமெல்லாம் பீளை. தண்ணீருக்கு மேலே நின்ற முதுகு எங்கள் காடு போலவே வெடித்திருந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடையைத் திறந்தான். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன் மேல தப்புச் சொல்ல மாட்டேன். உன் ஊர்க்காரன் எவனா இருந்தாலும் இதத்தான் செய்வான். ஆனா இந்த வேலைக்கு நீ வேண்டாம்."

இன்றைக்கும் நான் சொல்வேன், அவ்வளவு தண்ணீரை ஒரு மிருகத்துக்குக் கொட்டிக் கவிழ்க்க என் கை வராது. அந்தக் கையைத்தான் அவர் வேண்டாம் என்றார்.

கூடாரம் பிரித்த அன்று அவன் லாரியில் நீர்யானைக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனான். வழியனுப்பப் போனவர்களில் நானும் ஒருவன். எல்லோரும் அழுதார்கள். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அது பாசத்தால் வந்ததில்லை.

மாமா கடைக்கு ஆள் இல்லாமல் போனது. அத்தை வந்து அம்மாவிடம், "எம்புள்ள இருக்க வேண்டிய எடத்துல ஒம்புள்ள இருக்கட்டும் மதினி" என்று அழுதாள். அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மறுநாளே நான் பருப்பும் புளியும் நிறுக்க உட்கார்ந்தேன்.

சில வருடம் கழித்து அவன் ஒருமுறை ஊருக்கு வந்தான். கடை வாசலில் நின்று, "மச்சான், காக்கிலோ கருப்பட்டி போடு" என்று கையை நீட்டினான். அந்தக் கையில் சுண்டுவிரல் இல்லை.

"என்ன மாப்ளே இது?"

"கூண்டுக் கதவுல கைய வச்சிருந்தேன். ஆத்தா தெரியாம முட்டிருச்சு. பாவம், அதுக்குத்தான் ரெண்டு நாளா எர எறங்கல. நான் போய் நின்னு கூப்பிட்ட பெறகுதான் வாயத் தொறந்துச்சு."

சொல்லும்போது அவன் முகம், பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவன் முகமாக இருந்தது. நான் கருப்பட்டியை நிறுத்துப் பொட்டலம் கட்டி நூலைச் சுற்றினேன். என் பத்து விரலும் முழுசாக இருந்தன. அவனுடைய அந்த இல்லாத விரலின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.