குழாய் எட்டாத சரிவு

தாவரவியல் படித்தவள் சுரங்க நிறுவனத்தில் சேர்ந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். தோண்டுகிற இடத்தில் செடிக்காரிக்கு என்ன வேலை? தோண்டி முடித்த பிறகுதான் அவளுக்கு வேலை. அள்ளிக் கொட்டிய கல்லும் மண்ணும் மலைபோல் கிடந்த மேட்டில், முன்பு அங்கே வளர்ந்த புதர்களையும் மரங்களையும் மறுபடி வளர்க்க வேண்டும்.

பக்கத்துக் காட்டில் அலைந்து விதை பொறுக்கினாள். பாதி முளைக்கவில்லை. முளைத்ததில் பாதியை வெயில் தின்றது. எப்படியோ சில வருடங்களில் கன்றுகள் முழங்கால் உயரம் வந்தன.

அந்த மழைக்காலத்தில் மேட்டின் முன்பக்கம் சரிந்து பாதையை மூடியது. மேலாளர் ஆடிப்போனார். சட்டென்று வேர் பிடிக்கும் வெளிநாட்டுப் புல் விதையைக் கூழாக்கி, லாரியிலிருந்து குழாயால் பீய்ச்சச் சொன்னார்.

"சார், அந்தப் புல்லு வந்தா என் கன்னுங்க மூச்சு முட்டிச் செத்துடும்."

"மண்ணு சரிஞ்சு மனுஷன் செத்தா நீங்களா பதில் சொல்வீங்க? எனக்கு உடனே பச்சை வேணும்மா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

லாரியை ஓட்டியது அவள் கணவன். அன்று வீட்டில் பாத்திரங்கள் இடிபட்டன.

"என்மேல ஏன் எரிஞ்சு விழற? சொன்னதத்தானே செய்யறேன்."

"சொன்னா என் தலையிலயும் புல்லு பீய்ச்சுவீங்களா?"

"அதான் இப்பவே பச்சை பச்சையாத் திட்டறியே!"

பக்கத்து அறையில் மாமியார் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

புல் இடுப்பளவு வளர்ந்தது. பார்வையாளர்கள் வந்து படம் எடுத்தார்கள். அவளையும் முன்னால் நிறுத்தினார்கள். கோடையில் புல் காய்ந்தது. பக்கத்தில் நடந்த வெல்டிங்கிலிருந்து பறந்த ஒரு தீப்பொறி போதுமானதாக இருந்தது. புல்லோடு அவள் கன்றுகளும் கருகின. மழை வந்ததும் முதலில் தலைநீட்டியது புல்தான்.

"பாத்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் வந்துடுச்சு!" என்றார் மேலாளர்.

மண் சரியாத பின்பக்கத்தையாவது புல் பீய்ச்சாமல் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். மறுபடி லாரி போனது.

மாலையில் கணவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "பின்பக்கம் குழாய் எட்டலைன்னு சொல்லிட்டேன்."

"பொய்தானே?"

"பாதி. குழாய் நெஜமாவே ஓட்டை."

அங்கே அவள் மறுபடி விதைத்தாள். முன்பக்கத்துப் புல்விதை காற்றில் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. உள்ளங்கை கிழியப் பிடுங்குகிறாள். விடுமுறை நாளில் கணவனும் வருகிறான். புல்லென்று நினைத்துக் கன்றைப் பிடுங்கிவிட்டு நிற்கிறான். அவள் போடுகிற சத்தம் சுரங்கம் வரை கேட்கிறது.