கழுத்துக்குள் இன்னொருவர் பெயர்

எங்கள் நாயின் உடம்பில் என் பெயரை ஏற்றிவிடலாம் என்று போனேன். அங்கே ஏற்கெனவே வேறொருவர் பெயர் இருந்தது. இதை எப்படிச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். சென்னையில் வீட்டு நாய் வளர்க்கிறவர்கள் எல்லாரும் அதன் கழுத்துத் தோலுக்கடியில் ஒரு சிப்பு வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அரிசிமணி அளவுதான் இருக்கும். அதற்குள் ஓர் எண். அந்த எண்ணை வைத்து நாய் யாருடையது, தடுப்பூசி போட்டாயிற்றா என்றெல்லாம் கண்டுபிடித்துவிடலாமாம். விருத்தாசலத்துக்கும் அது வரப்போகிறது, சிப்பு இல்லாத நாயை எல்லாம் வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியாது. "வரட்டும், வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் எதையும் வந்த பிறகு பார்க்கிற ஆள். வீட்டுக்கூரை ஒழுகுவதையே அப்படித்தான் பார்த்தார். நான் நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, சென்னையில் வேலை பார்த்துவிட்டு எங்கள் ஊரில் புதிதாகக் கால்நடை ஆஸ்பத்திரி திறந்திருந்த டாக்டரம்மாவிடம் போனேன்.

அந்த நாய் எங்களிடம் வந்தது பொங்கல் முடிந்த கையோடு. நாங்கள் பீங்கான் பொம்மை செய்கிறவர்கள். சின்ன யூனிட்தான். கொலுவுக்கும் செய்வோம், கிறிஸ்துமஸ் குடிலுக்கும் செய்வோம். கண்ணனுக்குப் பின்னால் நிற்கிற பசுவும் குழந்தை இயேசுவுக்குப் பின்னால் நிற்கிற பசுவும் எங்களிடம் ஒரே அச்சு. அந்தப் பசுக்கள் காய்கிற பலகைக்கு அடியில் ஒருநாள் காலையில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. சாதாரண நாட்டு நாய். கழுத்தில் பட்டை கிட்டை எதுவும் இல்லை. நாய் என்றாலே எனக்கு ஆகாது. விளக்குமாற்றை ஓங்கினேன். அது எழுந்து, பலகையில் ஒரு பொம்மைகூட ஆடாமல், வாலை ஒடுக்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தது. பொம்மையை உடைக்காமல் நடக்கத் தெரிந்த ஜீவன் எங்கள் யூனிட்டில் அதுவரை ஒன்றுகூட இல்லை, என் வீட்டுக்காரர் உட்பட. அங்கேதான் நான் கவிழ்ந்தேன்.

மதியம் கொஞ்சம் மோர்ச்சோறு வைத்தேன். மறுநாளும் வைத்தேன். அப்புறம் அவள் எங்கள் நாய் ஆகிவிட்டாள். கையை நீட்டினால் கை கொடுப்பாள். 'உக்காரு' என்றால் உட்காருவாள். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என்னிடம் வந்ததும் புத்தி வந்துவிட்டது என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கைபேசி மாதிரி ஒரு கருவியை எடுத்து அவள் பிடரிமேல் மெதுவாக ஓட்டினார். "ஏற்கெனவே இருக்குதான்னு ஒருதடவை பாத்துடணும்மா. அதான் முறை" என்றார். கருவி 'கீச்' என்றது. டாக்டரம்மா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் 'கீச்'.

"இத எங்க வாங்குனீங்க?"

"வாங்கலீங்க. அதுவா வந்துச்சு."

"சிப்பு இருக்குதும்மா. யாரோ வச்சிருக்காங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்கூடப் பண்ணியிருக்குது பாருங்க. நல்லாத்தான் வளத்திருக்காங்க."

"நல்லாத்தான் வளத்திருக்காங்க" என்றது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அப்போ நாங்கள்? "அத எடுத்துட்டு எங்க பேர்ல ஒண்ணு போட்டுடுங்களேன்" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எடுக்கவும் கூடாது, இரண்டாவது வைக்கவும் கூடாது. எண்ணுக்குப் பின்னால் இருக்கிற பெயரை மாற்றலாம், ஆனால் அந்தப் பெயர்க்காரர் சம்மதிக்கவேண்டும். அவர் தேடிக்கொண்டிருந்தால் நாயைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேண்டாமென்று எங்காவது விட்டுவிட்டுப் போனவராக இருந்தால் அது சட்டப்படி குற்றம், அபராதம் வரும் என்றார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை எனக்கு. ஒன்று மட்டும் புரிந்தது. என் வீட்டில் படுத்துத் தூங்குகிற நாய் என்னுடையது இல்லை.

எண்ணைச் சென்னையில் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிக் கேட்டார் டாக்டரம்மா. மறுநாளே பெயரும் போன் நம்பரும் வந்துவிட்டது. சென்னையில் ஓர் ஆள். "நீங்களே பேசிப் பாக்கறீங்களா, நான் பேசட்டுமா?" என்று கேட்டார். நானே பேசுகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பேசினேனா? இல்லை.

எப்படிப் பேசுவது? அவர் நாயைத் தொலைத்தவரா, விட்டவரா? தொலைத்தவர் என்றால் அங்கே ஒரு வீட்டில் இத்தனை மாதமாக அழுதுகொண்டிருப்பார்கள். நான் மனுஷியாக இருந்தால் கொடுத்துவிட வேண்டும். விட்டவர் என்றால் அந்த ஆளுக்கு இவள் நிழலைக்கூடக் காட்டக் கூடாது. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள அவரிடமேதான் கேட்கவேண்டும். கேட்டுவிட்டால் நாய் போனாலும் போய்விடும். மாதாவே, இது என்ன சோதனை! சோறு வடிக்கும்போது ஒரு முடிவு, குழம்பு கொதிக்கும்போது இன்னொரு முடிவு. வர்ணம் பூச உட்கார்ந்தால் கண்ணனுக்கு மீசை வைத்துவிடுகிறேன். நாயோ எதுவும் தெரியாமல் என் கால்மேல் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் குழப்பமே இல்லை. அவருக்குச் சூளை நியாயம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் சின்ன யூனிட்காரர்கள் எல்லாருக்கும் தனித்தனிச் சூளை கிடையாது. பொதுச் சூளையில்தான் சுட்டு எடுப்போம். கரண்டுக்குப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்கிறவர் சரக்கு, கப் செய்கிறவர் சரக்கு, எங்கள் பொம்மை எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் ஏறிச் சூளைக்குள் போகும். அதனால் ஒவ்வொருவரும் சுடாமல் பச்சையாக இருக்கும்போதே அடியில் ஒரு குறி கீறிவிடுவோம். எங்களுடையது ஒரு கோடும் இரண்டு புள்ளியும். வெளியே வந்த பிறகு யார் குறியோ அவர் பொருள். அதில் பேச்சே கிடையாது. விரிசல் விட்டு, கோணிப்போய், கேட்பாரற்றுக் கிடந்தாலும் குறிக்காரரைக் கேட்காமல் யாரும் தொடமாட்டார்கள். வேண்டும் என்கிறவர் போய்க் கேட்கவேண்டும். கூட ஒருவர் நின்று காதால் கேட்கவேண்டும். குறிக்காரர் தன் வாயால் "என்னுது இல்ல, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் அவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

"அதேதான் இதுவும்" என்றார் வீட்டுக்காரர். "குறி அவருது. போனப் போட்டுக் கேளு. நான் பக்கத்துல இருக்கறன். அவரு வாயால இல்லன்னு சொல்லிட்டாருன்னா நம்முது. ஆமான்னா குடுத்துடு. இதுல இன்னா கொழப்பம்?"

"ஏங்க, அது இன்னா ஃப்யூஸ் கட்டையா?"

"ஃப்யூஸ் கட்டைக்கே இவ்ளோ நியாயம் பாக்கறோம், உசுருக்குப் பாக்க மாட்டமா?"

இந்த மனிதர் இப்படித்தான். வருஷம் முழுக்க வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருந்துவிட்டு, நான் தடுமாறுகிற நேரம் பார்த்து வக்கீல் ஆகிவிடுவார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் அவர் சொன்னது எனக்குப் பிடித்தும் இருந்தது. 'என்னுது இல்ல' என்று ஒரு வார்த்தை. அது மட்டும் வந்துவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த ஒரு வார்த்தைக்காகவே வேண்டிக்கொண்டேன். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டிக்கொள்கிற புனிதர் எங்கள் கோயிலில் இருக்கிறார். கிடைத்த பொருள் போகாமல் இருக்க யாரிடம் போவது? எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஏற்றிய பிறகுதான், அந்தச் சென்னை ஆளும் இவரிடமே கேட்டிருந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. வேண்டுதலிலும் நிம்மதி இல்லை.

வீட்டுக்கு வந்து கோழிக்குழம்பை இறக்கிவைத்துவிட்டு, யூனிட்டில் மேசைமேல் போனை வைத்தோம். சாட்சி கேட்கவேண்டுமே, அதனால் வீட்டுக்காரர் ஸ்பீக்கரைப் போட்டார். நாய் மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஹலோ, யாருங்க?" ஓர் ஆணின் குரல். நடுத்தர வயது இருக்கும். நிதானமான குரல்.

மேசைக்கடியில் அவள் தலையைத் தூக்கினாள்.

"விருத்தாச்சலத்துலேருந்து பேசறங்க. ஒரு செவல நாயி எங்ககிட்ட இருக்குது. கழுத்துல சிப்பு இருக்குதுங்க. அதுல உங்க பேரு வருது."

"எங்ககிட்ட அப்படி நாய் எதுவும் இல்லீங்களே" என்றார்.

அவள் எழுந்துவிட்டாள். முன்னங்கால் இரண்டையும் மேசைமேல் தூக்கி வைத்தாள். அதுவரை அவள் மேசையைத் தொட்டதே கிடையாது. வர்ணம் காயவைத்திருந்த பசு ஒன்று கீழே விழுந்து உடைந்தது. வால் அடிக்கிற அடியில் ஸ்டூல் ஆடியது. அடித்தொண்டையிலிருந்து, நான் அவளிடம் இதுவரை கேட்டறியாத ஒரு முனகல்.

எனக்கு வேண்டிய வார்த்தை வந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு எரிந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு விளங்கவில்லை, இல்லை என்று சொல்லமாட்டாரா என்று மெழுகுவத்தி ஏற்றியவளும் நான்தான், இல்லை என்று எப்படிய்யா சொல்லுவாய் என்று சண்டைக்குப் போனவளும் நான்தான்.

"பேரு உங்களுதுதான? நம்பரு உங்களுதுதான?"

"தப்பா ஏறியிருக்கும்மா. நாங்க நாய் வளர்த்ததே இல்ல."

அவர் பேசப் பேச அவள் போனை நக்கினாள். மூக்கால் தள்ளினாள். அதன் பின்பக்கம் பார்த்தாள். அந்தக் குரல் எதற்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தலாம் என்று கையை நீட்டினேன், எந்த இடத்தில் அழுத்துவது என்றே மறந்துபோயிற்று. சாட்சிக்கு நின்ற என் வீட்டுக்காரர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "போதும், வச்சுடு" என்றார் மெதுவாக.

நான் வைக்கவில்லை. அந்தச் சென்னை ஆளும் வைக்கவில்லை. அவள் முனகுவது அவருக்கும் கேட்டிருக்கும். அந்தக் குரல் தணிந்து, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, "நல்லா சாப்பிடறாளா?" என்றது.

ஆண் நாயா பெண் நாயா என்று நான் சொல்லவே இல்லை.

வாய் நிறைய வசவு வைத்திருந்தேன். அந்த ஆளின் ஏழு தலைமுறையை இழுத்திருப்பேன். ஆனால் வெளியே வந்தது, "சாப்புடறா" என்ற ஒரே ஒரு சொல். போன் நின்றுவிட்டது.

ஏன் விட்டார்? அக்கம்பக்கத்துத் தொல்லையா, வீட்டில் சண்டையா, அபராதத்துக்குப் பயந்துதான் மறுத்தாரா? கல்நெஞ்சுக்காரர் என்றால் அந்தக் கேள்வியை எதற்குக் கேட்டார்? கேட்கிற மனசு இருக்கிறவர், இத்தனை தூரம் கொண்டுவந்து எப்படி இறக்கிவிட்டார்? அவரைத் திட்டுவதா, அவருக்காகப் பரிதாபப்படுவதா என்று இன்றுவரை எனக்கு முடிவு இல்லை. எண்ணுக்குப் பின்னால் இருக்கிற பெயரும் இன்றுவரை அவருடையதுதான். இல்லாத நாய்க்கு அவர் எப்படிச் சம்மதம் எழுதிக் கொடுப்பார்?

"சொல்லிட்டாரு. நான் கேட்டன். இனிமே நம்முது" என்றார் வீட்டுக்காரர். சூளையில் சொல்கிற அதே வார்த்தைதான், ஆனால் குரலில் தெம்பு இல்லை. பீங்கானுக்குக் காது கிடையாது. அதன் எதிரிலேயே நின்று யார் வேண்டுமானாலும் என்னுது இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஸ்பீக்கரைப் போடும்போது எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

அவள் போனை விட்டு இறங்கினாள். மேசைக்கடியில் தேடினாள். அச்சு அடுக்கியிருந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு வாசல் கேட்டுக்கு ஓடி, கம்பிக்கு நடுவில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோற்றில் கோழிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். முதுகைத் தடவிக்கொடுத்தேன். தட்டை அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை எங்கள் தெருவுக்குள் திரும்பிய ஒவ்வொரு காருக்கும் எழுந்து நின்று வாலை ஆட்டினாள்.