அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளாத பஸ் ஸ்டாப்

பல்லில் நறநறக்கும் வெள்ளைத் தூசியோடுதான் எனக்கு ப்ளஸ் ஒன் ஆரம்பித்தது. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் லாரிகளுக்கு நடுவே எட்டு மணி டவுன் பஸ் எப்போது தலைகாட்டும் என்று தாவணி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்து நிற்போம். அம்மா இழுத்துக் கட்டிவிட்ட ரெட்டைச் சடை பஸ் வருவதற்குள் நரைத்துப்போயிருக்கும்.

இங்கிலீஷ் பீரியட் என்றாலே நாங்கள் கடைசி பெஞ்சைத் தேடுவோம். ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லித்தராமலே ஊர் முழுக்கக் கரைத்துக் குடித்திருந்தது. யூனிபார்ம் கை நீளமாகிவிட்டதா, டெய்லர் 'அட்ஜஸ்ட் பண்ணிடலாம்' என்பார். டிவியில் புள்ளி புள்ளியாக வந்தால் யாராவது மாடியேறி ஆன்டெனாவை 'அட்ஜஸ்ட்' பண்ண வேண்டும். பந்தியில் ரசம் தீர்ந்துபோனாலும், மாமியார் வாய் நீண்டுபோனாலும், கல்யாண மண்டபத்தில் பாய் பத்தாமல் போனாலும் மருந்து அது ஒன்றுதான். கையெழுத்துப் போடவே திணறும் என் அம்மா அந்தச் சொல்லை மட்டும் தடங்கலில்லாமல் சொல்லுவாள். பள்ளிக்கூட நூலகத்தில் அகராதியைப் புரட்டியபோது அதற்குச் 'சரிசெய்' என்று பொருள் போட்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் வழக்கில் அதற்குப் 'பொறுத்துக்கொண்டு போ' என்றுதான் பொருள். அதையும் சொல்கிறவர் பொறுத்துக்கொள்ள மாட்டார், கேட்கிறவர்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு விலக்காக நான் பார்த்த ஒரே இடம் பஸ்ஸுக்குள் இருந்த மூன்று பேர் சீட்டு. நாலாவதாக ஒருத்தி வந்து நின்றால் அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடத் தேவையில்லை, மூன்று பேரும் தாமாகவே நகர்ந்து அரை இருக்கை இடம் உண்டாக்கிவிடுவார்கள். நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வேறு ஒரு வழக்கம். அரியலூர் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு போகும் சவரியம்மாள் அத்தைக்கு ஜன்னலோர சீட்டுதான் நிரந்தரம். அவர் மடியில் ஒரே சமயத்தில் எங்கள் நாலைந்து பைகள் இருக்கும், அவற்றுக்கு மேலே அவர் மோவாய் இருக்கும்.

அந்த வருஷம் புது டிரைவர் ஒருவர் வந்தார். இலவச பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகளைக் கண்டால் அவருக்கு வேப்பங்காய். எங்கள் ஸ்டாப்பில் வேகத்தைக் குறைப்பது போலக் குறைத்து, இறங்குகிறவர்களைக் கொஞ்சம் தள்ளிப் போய் இறக்கிவிட்டு, நாங்கள் ஓடி வருவதற்குள் பறந்துவிடுவார். கண்டக்டர் படியில் நின்றபடி, அடுத்த பஸ்ஸில் வாங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்று கையை ஆட்டிக்கொண்டே போவார். அடுத்த பஸ் வந்து நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது கெமிஸ்ட்ரி பீரியட் முடிந்திருக்கும். கேட்டுக்கு வெளியே நின்று நின்று கால் கடுத்தது. கடைசியில் அப்பாவை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள்.

என் அப்பா யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. வரப்பைப் பக்கத்து வயல்காரர் வெட்டிக்கொண்டபோதும் போகட்டும் என்று விட்டவர். பள்ளிக்கூடத்தில் கைகட்டி நின்று கேட்டுவிட்டு வந்தவர், சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போதுதான் பேசினார்.

"பஸ்ஸு நிக்கலன்னா நாம என்ன பண்றது? தீவாளி வரைக்கும் பாப்பம். இல்லன்னா தையல் கத்துக்க. அட்ஜஸ்ட் பண்ணிக்கத்தான் வேணும்."

எனக்குக் கோபத்தில் அழுகைகூட வரவில்லை. நான் எந்த வகுப்பிலும் முதல் மாணவி இல்லை. ஆனாலும் படிப்பை விடுவதில்லை என்று அன்று பாய் விரிக்கும்போதே முடிவு செய்துகொண்டேன். ஒரு பஸ்ஸின் பிரேக்கா என் படிப்பைத் தீர்மானிப்பது என்ற ஆத்திரம்தான் அதற்குக் காரணம்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒருநாள் பஸ் ஊர்ந்து வந்தபோது சவரியம்மாள் அத்தை பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியே கையை நீட்டினார். நாங்களும் பழக்கதோஷத்தில் பைகளைக் கொடுத்தோம். பைகள் உள்ளே போனதும் பஸ் கிளம்பிவிட்டது. எங்களுக்கு உயிரே போய்விட்டது, பரீட்சைக்கு எழுதிவைத்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. நாங்கள் பின்னாலேயே ஓட, உள்ளே இருந்த பெண்கள் போட்ட கூச்சல் வெளியே எங்களுக்கே கேட்டது. பையை ஏற்றிக்கொண்டு பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் இதையெல்லாம் யார் தலையில் இறக்குவது என்பதுதான் அவர்கள் கேள்வி. வாய்க்கால் மதகுக்கிட்டே பஸ் நின்றது. ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது என் சிநேகிதி ஸ்டெல்லா என் காதில் சொன்னாள்.

"இனிமே நாம ஏற வேணாம்டி. பைய ஏத்திடுவம். மத்தத அவங்க பாத்துப்பாங்க."

மறுநாளிலிருந்து அதையே செய்தோம். பஸ் நிற்கிறதா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. பெண்கள் பக்கத்து ஜன்னல்களை நோக்கி ஓடிப் பைகளை உள்ளே தள்ளிவிடுவோம். உள்ளே ஏழெட்டு மடிகள் தயாராக இருக்கும். பஸ் எவ்வளவு தூரம் போனாலும் நின்றே ஆக வேண்டும். கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொல்லிப் பார்த்தார். புழுங்குகிறது என்று ஒருவரும் இறக்கவில்லை. அந்தப் பெண்களில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தங்கள் மடியில் கனத்த அந்தப் புத்தகங்களை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

தீபாவளி நெருங்கியது. ஒரு காலை அப்பா எனக்கு முன்னாலேயே ஸ்டாப்பில் வந்து நின்றார். பஸ் நிற்காவிட்டால் அப்படியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அன்று பார்த்து முதல்நாள் மழையில் சாலையோரம் சேறாகிக் கிடந்தது. பஸ் வந்தது. ஸ்டெல்லாவும் மற்றவர்களும் ஓடிப் பையைக் கொடுத்துவிட்டார்கள். நான் சறுக்கி முழங்கால் பதிய விழுந்தேன். தலை நிமிர்வதற்குள் என் கையிலிருந்த பையைக் காணோம்.

அப்பா ஓடிக்கொண்டிருந்தார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் முறைத்துப் பேசாத அந்த மனிதர், பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே ஓடிச் சவரியம்மாள் அத்தை கையில் என் பையைத் திணித்தார். மதகுக்கிட்டே பஸ் நின்றது. பெரிய மனுஷன் நீங்களே இப்படிச் செய்யலாமா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகக் கூடாதா என்று கண்டக்டர் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அப்பாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. குரல் உயரவே இல்லை.

"எல்லாத்துக்கும் பண்ணியாச்சுங்க. இதுக்கு முடியாது. எம்புள்ள ஏறுனாத்தான் பஸ்ஸு போவும்."

என்னைப் பார்த்து, ஏறு என்று மட்டும் சொன்னார். தையல் பேச்சை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பொங்கலுக்குள் பஸ் எங்கள் ஸ்டாப்பிலேயே நிற்கப் பழகிவிட்டது.

இன்று நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதே கெமிஸ்ட்ரியைச் சொல்லித்தருகிறேன். போய்வருவது பஸ்ஸில்தான். தானாகத் திறந்து மூடும் கதவு, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல், இருவர் சீட்டு என்று எல்லாம் வசதியாகத்தான் இருக்கிறது. சவரியம்மாள் அத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை. பையை வாங்கிக்கொள்ளும் மடிகளும் போய்விட்டன, இப்போது அந்த இடத்தில் செல்போன் இருக்கிறது. அந்த 'அட்ஜஸ்ட்' மட்டும் மாறவில்லை, அகராதிப் பொருளும் அப்படியே இருக்கிறது, ஊர்ப் பொருளும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் ஒரு பெண், ப்ளஸ் ஒன்னாகத்தான் இருக்க வேண்டும், முதுகில் மூட்டையோடு என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி பிரேக் போடும்போதெல்லாம் தள்ளாடினாள். பையைக் கேட்டுக் கையை நீட்டினேன். பயந்துபோய்ப் பையை இறுக்கிக்கொண்டாள்.

"பரவால்லைங்க மேடம், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

"நீ எதுக்கும்மா பண்ணிக்கணும்? நாங்க பண்ணிக்கிறோம். உக்காரு."

சொல்லிவிட்டு நகர்ந்தேன். ஜன்னலோரத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒரு நிமிஷம் என்னை முறைத்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு அவரும் நகர்ந்தார். இருவர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தோம். பையை நான் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன், நல்ல கனம்.