மெதுவாய்ச் சுழன்ற இசைத்தட்டு

ஒஸ்லோவில் நான் கோப்பை கழுவும் ஜாஸ் கபேயில் இன்று மத்தியானம் ஒத்திகை நடந்தது. ஒரு பாட்டுத் தொடங்கியதும் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அது எனக்குத் தெரிந்த மெட்டு. ஆனால் இவ்வளவு துள்ளலாக நான் கேட்டதில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்த அப்பாவுக்குப் பிரேசில் மாலுமி ஒருவர் கொடுத்த சின்ன இசைத்தட்டில் இருந்த பாட்டு அது. எங்களிடம் வேறு தட்டு இல்லை. இசைத்தட்டுப் பெட்டியின் வேகத்தை மாற்றும் குமிழ் பழுது, மெதுவாய்த்தான் சுற்றும் என்று அப்பா சொல்லுவார். பெட்டி சூடேறித் தூசி மணக்கும். பாடகர் இழுத்து இழுத்துப் பாடுவார்.

"உந்த மனிசனுக்குப் பல்லுக்கொதியோ, நோவிலை முனகுறமாதிரிக் கிடக்கு?" என்பார் அம்மா.

"பேசாமல் கேளுமப்பா," என்பார் அப்பா.

தட்டு முடியும்வரை அம்மா அப்பாவின் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பார். முடிந்த உடனே குசினிக்குச் சமைக்கப் போய்விடுவார்.

யாரோடும் வலியப் பேசாத நான், டிரம்ஸ் அடிப்பவரிடம் போய்க் கேட்டேன். இது பொசா நோவா, பிரேசில் இசை, அறுபதுகளில் ஜாஸுக்குள் வந்தது, இன்னும் போகவில்லை, இதன் வேகமே இதுதான் என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்கதவடியில் நின்று ஊருக்கு அழைத்தேன்.

"அப்பா, அந்தத் தட்டைப் பிழையான வேகத்திலை கேட்டிருக்கிறம். சரியான பாட்டைக் கேக்காமலே அம்மா செத்துப்போனா."



"குமிழ் நல்லாத்தான் இருந்தது," என்றார் அப்பா. "வேகமாப் போட்டால் பாட்டுக் கெதியா முடியும், கொம்மாவும் கெதியா எழும்பிப் போயிடுவாளெல்லோ."