விட்டுப்போன வரி

மகன் மாரிக்கண்ணன் பந்தல்குடி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்ததிலிருந்து, முத்துத்தாய் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். புருஷன் இருளப்பசாமி அவளை அருப்புக்கோட்டையில் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார். அந்தம்மா ஒரு புத்தகத்தைக் கொடுத்து, தினமும் கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். முத்துத்தாய்க்கு எழுத்து தெரியாது. வாசிக்கிற வேலை இவர் தலையில் விழுந்தது.

மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, உரமூட்டையில் அச்சடித்திருப்பதைப் படிக்கிற குரலில் வாசிப்பார். மகன் செத்த அன்றைக்கே, பந்தல் போட வந்தவனுக்குக் காப்பி கொடுத்தாச்சா என்று விசாரித்துக்கொண்டு திரிந்த மனுஷன். வைத்தியம் பெண்டாட்டிக்கு, தனக்கென்ன கேடு என்றுதான் நினைத்திருந்தார். மகன் பேச்சு வந்தால் 'அவன்' என்பதோடு சரி.

அன்று ஒரு வரியில் குரல் நின்றது. அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"என்னத்தையோ விட்டுட்டீகளே," என்றாள் முத்துத்தாய், சுவரைப் பார்த்தபடியே.

"ஒண்ணுமில்ல புள்ள."

"அந்தம்மா முழுசா வாசிக்கச் சொன்னாகள்ல? வாசிங்க."

பக்கத்தைத் திருப்பி வாசித்தார். "இறந்தவரை எப்படி அழைப்பீர்களோ, அப்படியே ஒருமுறை வாய்விட்டு அழையுங்கள்."

புத்தகத்தை மூடினார். ராச்சோற்றுக்குக் கூப்பிடும் அதே அதட்டலோடு குரல் கொடுத்தார்.

"ஏலே மாரிக்கண்ணா!"

முத்துத்தாய் விருட்டென்று எழுந்து வாசலைப் பார்த்தாள்.

இருளப்பசாமியும் பார்த்தார்.