தண்ணீர் கொட்டியது யார்

கருங்கல் ஊரில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் பயிற்சிக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் பெமிலாவைத் தெரியும். குழந்தை வளர்ச்சி உளவியல் என்றாலே மற்றவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். பெமிலாவுக்கோ அது கைவந்த கலை. சனிக்கிழமை இடைவேளையில் டிபன் பாத்திரங்களோடு அவளைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

"பச்சப்பிள்ளைக்குக் கண்ணுல படாத சாமான் உலகத்துலயே கிடையாது. பந்த ஒரு துணிக்கு அடியில மறச்சு வச்சுப்பாரு, அது தேடவே தேடாது. வயசு ஒண்ணு ஆகும்போ துணியத் தூக்கிப் பாக்கும். அப்பம் என்ன அர்த்தம்? காணலன்னாலும் பந்து அங்கதான் இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு" என்பாள்.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு?" என்று ஒருத்தி கேட்பாள்.

"அஞ்சு வயசுல உலகம் மொத்தமும் அதச் சுத்தியாக்கும் நடக்கும். தான் நடந்தா நிலாவும் கூட நடக்கும். வீட்டுல ஆருக்காவது தீனம் காய்ச்சல் வந்தா, தான் குறும்பு செய்ததுனாலதான் வந்ததுன்னு நினைக்கும். கேள்வித்தாள்ல இது வரும் பாத்துக்கோ."

இவ்வளவும் சொல்கிறவள் மே மாத வெயிலிலும் முழங்கைக்குக் கீழே வரும் சட்டைக்கை ஏன் போட்டுக்கொண்டு வருகிறாள் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்டால் தன் சட்டைக்கையையும் தூக்கிக் காட்ட வேண்டிவருமோ என்று பயந்தார்களோ என்னவோ, யார் கண்டது?

பெமிலாவின் புருஷன் ஜெபிஷ் ஜேசிபி ஓட்டுகிறவன். ஊருக்கு அவன் தங்கமான பையன். வேதக்கோயில் சுற்றுச்சுவருக்கு ஓசியில் குழி தோண்டிக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றினால் நல்லவனையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிடுவான், படுபாவி. மீன்குழம்பில் புளி கூடினால் அடி, போனை எடுக்கத் தாமதித்தால் அடி. மிக்சியில் அரைத்த மசாலா என்று நாக்கு கண்டுபிடித்துவிட்டால் அதற்கும் அடிதான். கைக்கு எது கிடைக்கிறதோ அதுதான் ஆயுதம். ஒரு தடவை பெல்ட்டின் கொக்கி பட்டு முதுகில் சதை கிழிந்தது. இன்னொரு தடவை வாங்கிய அறையில் இடது காது பல நாள் கேட்கவில்லை. கதவு நிலையில் மோதிவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டரும் நம்பினார், அல்லது நம்பின மாதிரி இருந்துகொண்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் காத்திருந்தது ஒன்றுக்காகத்தான். சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்க வேண்டும். கிடைத்த மறுநாளே மகள் ஜாஸ்மியைக் கூட்டிக்கொண்டு எங்காவது தூரத்து ஊருக்குப் போய்விட வேண்டும். அதுவரை பிள்ளைக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தாள். ஜெபிஷின் குரல் உயர ஆரம்பித்ததும் ஜாஸ்மியை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்தி, டிவியில் பொம்மைப் படத்தைச் சத்தமாக வைத்துவிடுவாள். பிறகு வந்து அடி வாங்குவாள்.

அடி கூறுகெட்டவளே, பந்தைத் துணியால் மூடிவிட்டால் பந்து இல்லாமல் போய்விடுமா? நீதானே அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்தாய்.

ஒருநாள் ஜாஸ்மி தன் பொம்மையின் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தாள். "வாயத் தொறப்பியாட்டி? இனி தொறப்பியா?" என்று அவள் கேட்ட குரலில் ஜெபிஷின் குரல் அச்சு அசலாக இருந்தது. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அடிக்கக் கற்றுக்கொள்கின்றன என்று பெமிலாவின் புத்தகத்திலேயே ஒரு பாடம் உண்டு. அதிலும் அவளுக்கு முழு மதிப்பெண். அவள் செய்ததென்ன? பொம்மையைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே வைத்தாள்.

அதன்பிறகு பிள்ளைக்கு ஒரு புதுப்பழக்கம் வந்தது. வாசலில் கிடக்கிற எல்லாச் செருப்பையும் ஜோடி ஜோடியாக, விரல் பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரி அடுக்கி வைப்பாள். ஒன்று கோணினாலும் ஓடிப்போய்ச் சரிசெய்வாள். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துகூடப் போயிருக்கிறாள். "எம் பிள்ளைக்கு என்ன ஒரு ஒழுங்கு" என்று பெமிலா பூரித்துப்போய் முத்தம் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எவனோ ஒருத்தன் ஜெபிஷைப் பார்த்து, "என்ன டீச்சர் மாப்ள, இனி ஒமக்கென்ன கொறச்சல்?" என்று கேலி செய்துவிட்டான். அவனுக்கு அது வாய்க்கு வந்த ஒரு பேச்சு. ஜெபிஷ் சிரித்துக்கொண்டேதான் பைக்கை எடுத்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பெமிலாவுக்கு அவன் முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது, இன்றைக்கு இருக்கிறது என்று.

வீட்டுக்கு வந்ததும் புறவாசலில் அம்மியில் சாளைமீன் குழம்புக்கு மசாலா அரைக்க உட்கார்ந்தாள். தேங்காய் பாதி அரைபடுவதற்குள் அவன் வந்துவிட்டான். கையில் ஹெல்மெட்.

"ஏட்டி, நீ டீச்சராயிட்டா நான் ஒனக்கு மாப்பிளையா, பியூனா?"

"அவரு வெளயாட்டுக்குச் சொன்னாரு. பிள்ள உள்ள கெடக்கா, சத்தம் போடாதீங்க."

ஹெல்மெட் அவள் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்தியது. துப்பக்கூட அவன் விடவில்லை. கொண்டையைப் பிடித்து இழுத்துப்போய் அவள் தலையைத் துவைகல்லில் மோதினான். விழுந்தவளை விலாவில் மிதித்தான். மூச்சு அடைத்துப்போய் அவள் தரையில் புரண்டாள். அன்றைக்குக் கதவைச் சாத்தவோ டிவி போடவோ நேரம் கிடைக்கவில்லை.

ஜாஸ்மி வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டு கையிலும் அப்பாவின் செருப்பு.

"அப்பா, அம்மாவ அடிக்காதீங்க. செருப்ப நானாக்கும் நேரா வைக்கல்ல. கோயில்ல இருந்து வந்ததும் மறந்துபோச்சு. இப்பம் வச்சிருதேன்."

சொல்லிக்கொண்டே இரண்டு செருப்பையும் அவன் காலடியில் சேர்த்து வைத்தாள், விரல் பக்கம் வெளியே பார்க்கிற மாதிரி. ஜெபிஷ் அவளை ஓங்கி ஒரு அறை விட்டான். அஞ்சு வயசுப் பிள்ளை, என்ன கனம் இருக்கும்? தூக்கி எறிந்த மாதிரி போய்ச் சுவரில் மோதி விழுந்தாள். அழவில்லை. மறுபடியும் அவன் கை ஓங்கியது.

பெமிலா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மிக்குழவி அவள் கையில் இருந்தது. ஓங்கிய கையின் மணிக்கட்டுக்கு மேலே ஒரே போடு. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் அலறிக்கொண்டு குனிந்தான். தோளில் இரண்டாவது அடி விழுந்தது. குப்புற விழுந்தவனின் மண்டைக்கு நேரே மூன்றாவது தடவை குழவியைத் தூக்கினாள். தூக்கினாள்தான், பொய் எதற்கு? ஜாஸ்மி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டதால் அந்த அடி விழவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெபிஷுக்கு மாவுக்கட்டுப் போடுவதற்குள் பெமிலாவின் அண்ணன் செல்வதாஸ் வந்து காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டான். டயர் கடை வைத்திருக்கிறவன், சபையில் முக்கியஸ்தன்.

"பிள்ளே, நான் சொல்லுதக் கேளு. கேஸுன்னு ஒண்ணு ஆச்சுன்னா ஒனக்கு சர்க்கார் வேலை கிடைக்காது. இத்தன வருசம் படிச்சதெல்லாம் வெறுதே போவும். துவைகல்லுகிட்ட தண்ணி கொட்டிக் கெடந்து, மாப்ள வழுக்கி விழுந்தாரு, நீ பிடிக்கப் போயி நீயும் விழுந்தே. அவ்வளவுதான்."

ஜெபிஷும் தலையாட்டினான். பெண்டாட்டி அடித்தாள் என்று வெளியே தெரிந்தால் ஜேசிபியில் எப்படி ஏறி உட்காருவான்? பெமிலா வீங்கின உதட்டோடு பேசாமல் இருந்தாள். வேலை போனால் அந்த வீட்டை விட்டுப் போகிற வழியும் போய்விடும். அதுதான் அவள் வாயைக் கட்டியது.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சாயந்தரம் அஸ்வதி என்கிற பெண் போலீஸ் வந்தாள். செல்வதாஸ் சொன்ன கதையைக் கேட்டாள். ஜெபிஷின் கட்டையும் பெமிலாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தண்ணி ஆரு கொட்டினா?" என்று கேட்டாள்.

செல்வதாஸ் ஜெபிஷைப் பார்த்தான். பெமிலாவின் மடியில் இருந்த ஜாஸ்மிதான் வாயைத் திறந்தாள்.

"நானாக்கும்."

"நீயா மக்கா?"

"ஆமா. நான் தண்ணி கொட்டினேன். அதான் அப்பா விழுந்தாரு. அம்மாக்க வாயில ரெத்தம் வந்ததும் என்னாலதான்."

செல்வதாஸ் உடனே சிரித்தான். "சின்னப்பிள்ளலா, தண்ணி வச்சு வெளயாடியிருக்கும்" என்றான். ஜெபிஷும் மூச்சு விட்டான். பொய் நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. அந்த இடம் ஒரு குழந்தையின் தலை என்பது அந்த இரண்டு ஆண்களுக்கும் உறுத்தவே இல்லை. சண்டாளர்கள்.

பெமிலா மடியிலிருந்த பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். இத்தனை நாளும் பெல்ட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் இந்தப் பிள்ளை தன்னையல்லவா காரணமாக்கி வைத்திருக்கிறது? இந்த வேலையை வாங்கிக்கொண்டு, இதையும் பிள்ளையின் தலையில் ஏற்றி எந்த ஊருக்குக் கூட்டிப்போவது?

"தண்ணியே கொட்டல்ல மேடம்" என்றாள். "அவரு கைய நானாக்கும் ஒடச்சேன். குழவியால அடிச்சேன். கல்யாணம் முடிஞ்ச நாளுலருந்து அவரு என்ன அடிச்சாரு. இன்னைக்குப் பிள்ளையையும் அடிச்சாரு."

"பிள்ளே, வாய மூடு" என்று செல்வதாஸ் பல்லைக் கடித்தான். ஜெபிஷ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் வாயை மூடியது வேறொரு கை. ஜாஸ்மி உள்ளங்கையால் அம்மாவின் உதட்டைப் பொத்தினாள். "பொய் சொல்லாதம்மா. ஒன்னப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க. நானாக்கும், நானாக்கும்."

பெமிலா அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் செய்யல்ல மக்கா. அப்பா அடிச்சதுக்கு அப்பாதான் காரணம். அம்மா அடிச்சதுக்கு அம்மாதான். நீ ஒண்ணுமே செய்யல்ல."

அஸ்வதி நாற்காலியை இழுத்துப்போட்டு எழுத ஆரம்பித்தாள். ஜாஸ்மி அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பம் நான் எல்லாம் ஒழுங்காச் செய்தாலும் அப்பா அடிப்பாரா?"

"அடிப்பாரு மக்கா."

அறை வாங்கியபோதுகூட அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது.